தொண்ணூற்றொன்றாவது நிமிடம்

புந்தா அரேனாஸ் படகுத்துறை அலுவலகத்தில் ஆறு கணினிகள்.
ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து
ஆறும் ஒரு மணி நேரம் பின்தங்கியே விழிக்கின்றன.

குளிர்காலம் வந்தால் சாந்தியாகோவில்
கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள்.
இந்தத் தென்கோடியில் திருப்புவதில்லை.
இருப்பதே ஒரு கைப்பிடி மாலை வெளிச்சம்,
அதில் ஒரு மணி நேரத்தை யார் விட்டுக்கொடுப்பார்கள்?
கணினிகளுக்கு இது தெரியவில்லை, அவ்வளவுதான்
என்று நினைத்தாள் யஸ்னா மிலிச்.

நேரத்தைச் சரிசெய்தாள்.
காபி குடித்துவிட்டு வந்தாள்.
பழையபடி.
அணைத்துப் போட்டாள். பழையபடி.
பொத்தான் அளவு பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்து
புதிது மாட்டினாள். பழையபடி.
வைரஸ் தேடினாள். கிடைத்தது
யாரோ பாதியில் விட்டுப்போன சீட்டாட்டம் ஒன்று.

இப்படித் திரும்பத் திரும்பப் பழைய நிலைக்கே போவதற்கென்று
நம்மிடம் ஒரு பழமொழி உண்டு.
அதை இங்கே எழுத மாட்டேன்.
காரணம் நான்காவது கணினியில் இருக்கிறது.

அதற்குள் புதன்கிழமை.
செல்போனில் சார்ஜ் இல்லாத ஒரு லாரிக்காரர்
சீட்டில் அச்சாகியிருந்த நேரத்தை நம்பி
நிதானமாக மீன் சூப் குடித்தார்.
பத்து மணிப் படகு நீரிணையின் நடுவில் இருந்தபோது
நாற்பது ஆடுகளோடு கரையில் நின்றார்.
ஆடுகள் மேலாளரைப் பார்த்துக் கத்தின.
மேலாளர் யஸ்னாவைப் பார்த்து.

அன்றிரவு பதிவேட்டைத் திறந்தாள்.
தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை
தலைநகரிலிருந்து ஒரு கட்டளை வருகிறது.
நேரம்: சாந்தியாகோ. எழுத்தளவு: நூறு. திரைப்படம்: நீலம்.
யாரும் கெட்டவர்களில்லை.
இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்
ஒருவர் ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டு
விடுப்பில் போயிருக்கிறார்.

புகார் எழுதி அனுப்பினாள்.
'பெறப்பட்டது, பதினைந்து வேலைநாட்கள்' என்றது பதில்.
அதிலும் நேரம் தப்பு.

பதிவேட்டை மூடப் போனவள்
நான்காவது கணினியில் நின்றாள்.
எழுத்தளவு நூறு. நூற்றெழுபத்தைந்து.
நூறு. நூற்றெழுபத்தைந்து.
ஒரு நாளில் ஐந்து முறை, ஆறு முறை,
கட்டளை குறைக்க, ஒரு கை ஏற்ற.
மார்ச் மாதத்துக்குப் போனாள்: நூற்றைம்பது.
ஜனவரி: நூற்றிருபத்தைந்து.
அதற்கு முன் யாரும் எதையும் தொடவில்லை.

நான்காவது கணினி நெலிதா பார்ரியாவுடையது.
இருபத்திரண்டு வருடமாக அதே ஜன்னல்.
புகார்ப் பெட்டியில் அவள் பெயரில் ஒரு தாள்கூட இல்லை.

காலையில் யஸ்னா அவள் மேசைக்கடியில் குனிந்து
சும்மா ஒரு கம்பியைக் கழற்றி மாட்டினாள்.
மேலே இருந்து குரல் வந்தது:
'மேலாளருக்கு என்ன எழுதப் போகிறாய்?'
'கடிகாரத்தைப் பற்றி.'
'கடிகாரத்தைப் பற்றி மட்டுமா?'
'ஆடுகளைப் பற்றியும்.'
சிரிப்புச் சத்தம் கேட்டது.
பிறகு, மூக்கு உறிஞ்சும் சத்தம்.
கம்பியை இன்னொரு முறை கழற்றி மாட்டினாள்.

ஏழு வரியில் ஒரு நிரல் எழுதினாள்.
கட்டளை வந்து போன அடுத்த நிமிடம்
அது எழுந்து எல்லாவற்றையும் திருப்பி வைக்கும்.
விதிப்படி இது தவறு.
எழுத்தளவு என்ற இடத்தில் நூற்றெழுபத்தைந்து என்று அடித்தாள்.
கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள்.
அழித்துவிட்டு இருநூறு போட்டாள்.

இப்போதும் தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை
நெலிதாவின் திரையில் எழுத்துகள் எறும்பாகின்றன,
சரியாக ஒரு நிமிடம்.
அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாள்.
ஜன்னலுக்கு வெளியே நிற்பவரிடம்
காற்று எப்படி என்று கேட்கிறாள்.
இந்த ஊரில் அதைக் கேட்க வேண்டியதே இல்லை.
ஆனாலும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு
ஒவ்வொருவரும் விவரமாகச் சொல்கிறார்கள்,
அறுபது விநாடிக்குக் குறையாமல்.